கண்ணடிச்ச தட்டான்!

முதல்ல ஒரு வாக்குமூலம். சின்ன வயசுல தட்டான் வால்ல நூலைக் கட்டிப் பறக்க விட்டிருக்கேன். குட்டிக் கல்லைத் தூக்க வெச்சு, எவன் தட்டான் பெரிய கல்லைத் தூக்குதுன்னு போட்டி நடத்தியிருக்கேன். சிரிக்காதீங்க... நீங்களும் பண்ணியிருப்பீங்க. இல்லைன்னா உங்க அண்ணனோ, பக்கத்து வீட்டுப் பையனோ பண்றதைப் பக்கத்துல நின்னு கைதட்டி ரசிச்சிருப்பீங்க. நம்ம ஊர்ல பிறந்து தட்டானுக்குக் கெடுதல் பண்ணாத ஆளைக் கண்டுபிடிக்கிறது, ஹாஸ்டல் சாம்பார்ல பருப்பைக் கண்டுபிடிக்கிற மாதிரி!

அந்தப் பாவத்தை எல்லாம் 'வயசுக் கோளாறு'ன்னு தள்ளுபடி பண்ணிடலாம். ஆனா, பத்தொன்பது வயசுல பண்ணினதை எந்தக் கணக்குல எழுதுறது? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

போன வருஷம் பிப்ரவரி. நாங்க ஏழு பேர், நாலு பைக். கோயமுத்தூர்ல இருந்து பொள்ளாச்சி, ஆழியார் தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறை. வீட்டுல என்ன சொல்லிட்டுப் போனோம்? 'இண்டஸ்ட்ரியல் விசிட்'. தேயிலை ஃபேக்டரி வாசல்ல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டதால, அதுல பாதி உண்மைன்னு மனசைத் தேத்திக்கிட்டோம். அப்புறம் ரோட்டோரமா ஒரு ஓடை. பளிங்கு மாதிரி தண்ணி. சட்டையைக் கழட்டி ஒரே குதி! பெட்டிக்கடையில சரமா வாங்கின ஷாம்பு பாக்கெட், ஆளுக்கு ரெண்டு. ஓடை முழுக்க நுரை. அந்த நுரையை அள்ளி மூஞ்சியில தாடி மாதிரி வெச்சுக்கிட்டு ஒரு குரூப் போட்டோ. கிழிச்ச பாக்கெட்டெல்லாம் எங்க போச்சுன்னு யாரும் கேக்கலை. தண்ணி இழுத்துக்கிட்டுப் போச்சு. அவ்வளவுதான்.

அந்த போட்டோவோட மூலையில, ஒரு பாறை மேல, ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. எங்க கண்ணுக்கு அது அப்போ படவே இல்லை.

இப்போ காட்சி ரெண்டு. இன்ஜினீயரிங் பிசிக்ஸ்ல எனக்கு கப்பு. முதல் செமஸ்டர் பேப்பர், மூணாவது தடவையும் ஊத்திக்கிச்சு. வீட்டுல சாமியாடிட்டாங்க. ஸ்டடி ஹாலிடேஸ் விட்டதும் அம்மா ஒரு தீர்ப்பு சொன்னாங்க. "இங்க இருந்தா ஃப்ரெண்டு, போன்னு திரிவ. உங்க மாமா வீட்டுக்குப் போ. அங்க டவரும் கிடைக்காது, கூட்டாளியும் கிடைக்க மாட்டான்."

மாமா வீடு எங்கே? வால்பாறைக்குப் பக்கத்துல ஒரு எஸ்டேட் லைன் வீடு. ஆமா பாஸ்... போன வருஷம் அவருக்கே தெரியாம அவர் ஊருக்குப் போய்க் குளிச்சிட்டு வந்தவன், இந்தத் தடவை பெட்டியும் புத்தகமுமா பஸ்ல ஏறினேன்.

மாமாவுக்கு எஸ்டேட்ல மருந்தடிக்கிற வேலை. காலையில டாங்க்கை முதுகுல மாட்டினா மத்தியானம்தான் இறக்குவார். அத்தை கொழுந்து பறிக்கப் போயிடுவாங்க. வீட்டுல நானும், மாமா பையன் குட்டியும்தான். குட்டி ஏழாங்கிளாஸ். சனி, ஞாயிறு ஆனா என்னைப் படிக்க விட மாட்டான். "அத்தான், கண்ணடிக்கிற தட்டான் பாத்திருக்கீங்களா?"ன்னு ஒரு நாள் கேட்டான். தட்டான் எதுக்குடா கண்ணடிக்குதுன்னு கிண்டல் பண்ணிக்கிட்டே அவன் பின்னாடி போனேன். கால்ல ரெண்டு அட்டை ஏறினதுதான் மிச்சம்னு நினைச்சப்போ, குட்டி உதட்டுல விரலை வெச்சான். "உஷ்... அந்தக் கல்லு மேல."

பார்த்தேன். ஒல்லியா, சுண்டு விரல் நீளத்துல ஒரு பூச்சி. இறக்கையை முதுகுக்கு மேல மடிச்சு வெச்சுக்கிட்டு, செப்புக் கம்பி மாதிரி மங்கலா உக்காந்திருந்தது. இதுக்கா இவ்வளவு பில்டப்புன்னு வாயைத் திறக்கிறேன்... பளிச்! இறக்கையை விரிச்சு உடனே மூடிக்கிச்சு. அந்த ஒரு நொடியில தெரிஞ்சது பாருங்க ஒரு பச்சை! மயில் கழுத்துல ஒரு துண்டை வெட்டி வெச்ச மாதிரி. அப்புறம் மறுபடியும் மங்கல். ஒரு பத்து எண்ணினா, மறுபடியும் பளிச். குட்டி சொன்னது கரெக்ட். கண்ணேதான் அடிச்சுது!

செல்லை எடுத்தேன். இருபத்திரண்டு போட்டோ. இருபத்திரண்டுலயும் இறக்கை மூடி இருக்கு. எங்க காலேஜ்ல கூட எவனும் எனக்கு இவ்வளவு பல்பு கொடுத்ததில்லை.

பேர்ல சீனா... ஊர்ல நம்மாளு!

டவர் கிடைக்கிற பாறை ஒண்ணு லைனுக்கு மேல இருக்கு. அங்க உக்காந்து தேடினதுல ஆளோட ஜாதகம் கிடைச்சது. அறிவியல் பேர் நியூரோபேஸிஸ் சைனென்சிஸ். ஆங்கிலத்துல 'ஸ்ட்ரீம் குளோரி'. ஓடையோட பெருமைன்னு வெச்சுக்கலாம். உயிர்களுக்கெல்லாம் ரெண்டு வார்த்தையில பேர் வைக்கிற முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ், 1758-லயே இதுக்குப் பேர் வெச்சிட்டார். 'சைனென்சிஸ்'னா சீனாவைச் சேர்ந்ததுன்னு அர்த்தம். பேரைப் பார்த்து 'மேட் இன் சைனா'ன்னு நினைச்சிடாதீங்க. சீனாவுல இருந்து நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை வரைக்கும் ஆள் இருக்கு.

கறாராப் பேசினா இது தட்டான்ல ஊசித்தட்டான் வகை. வித்தியாசம் ரொம்ப ஈஸி. நம்ம கிரவுண்டுல கூட்டமாப் பறக்கிற தட்டான், உக்காரும்போதும் இறக்கையை ஏரோபிளேன் மாதிரி விரிச்சே வெச்சிருக்கும். ஊசித்தட்டான் பெரும்பாலும் மூடி வெச்சுக்கும். இந்த ரெண்டு கோஷ்டியும் சேர்ந்து இந்தியாவுல கிட்டத்தட்ட 500 வகை. மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும் சுமார் 200. இவங்களைத் தேடி அலைஞ்சு, 1933-ல இருந்து 1936-க்குள்ள மூணு வால்யூம் புத்தகம் எழுதினவர் எஃப்.சி.ஃப்ரேஸர்னு ஒருத்தர். அவருடைய உத்தியோகம் என்ன தெரியுமா? ராணுவ டாக்டர்! ஊசி போட்ட நேரம் போக ஊசித்தட்டான் பிடிச்சிருக்கார் மனுஷன். 'எனக்கு சிலபஸ்ஸே முடியலை, இதுல ஹாபி வேறயா'ன்னு கேக்கிற நம்ம எல்லாரும் கொஞ்சம் வெட்கப்படலாம்.

கிரவுண்டுல பறக்கிற தட்டான்னு சொன்னேன் இல்லையா... அதுல ஒரு வகை இந்தியாவுல இருந்து மாலத்தீவு வழியா கடலைத் தாண்டி கிழக்கு ஆப்பிரிக்காவுக்கே போகுதுன்னு 2009-ல சார்லஸ் ஆண்டர்சன்னு ஒரு உயிரியலாளர் எழுதினார். பாஸ்போர்ட் இல்லாத என்.ஆர்.ஐ! நம்ம கண்ணடிக்கிற ஆள் அதுக்கு நேர் எதிர். ஓடைதான் ஊர், ஓடைதான் உலகம். வெயில் விழற ஒரு பாறையைப் பிடிச்சுக்கிட்டு, 'இது என் ஏரியா'ன்னு இன்னொரு ஆணை விரட்டும். அந்தப் பச்சை ஆணுக்கு மட்டும்தான், அதுவும் பின் இறக்கையில மட்டும்தான். முன் இறக்கை கண்ணாடி மாதிரி. பெண்ணுக்குப் பழுப்பு இறக்கையில சின்ன வெளிர் புள்ளிகள். ஆக, கண்ணடிக்கிறது யாரைப் பார்த்துன்னு நான் விளக்க வேண்டியதில்லை. பொண்ணுங்க முன்னாடி சீன் போடறதை நாம கண்டுபிடிக்கலை மக்களே!

பெண், தண்ணிக்குள்ள இருக்கிற தண்டு, வேர் மாதிரி இடங்களைக் கீறி உள்ளே முட்டையைச் செருகும். இந்தக் குடும்பத்துல சில வகைப் பெண்கள் முழுசா தண்ணிக்குள்ள முங்கியே இந்த வேலையைப் பார்க்கும். முட்டையில இருந்து வர்றது இறக்கை இல்லாத குட்டி. வால்ல இலை மாதிரி மூணு தகடு, மூச்சு விட உதவுறதுக்கு. மடிச்சு வெச்ச கீழ் உதட்டை ஸ்பிரிங் மாதிரி நீட்டி, கொசுப் புழு கிழுவைக் கவ்வித் தின்னும். ஓடுற தண்ணியில ஆக்சிஜன் நிறைய கரைஞ்சிருக்கும், குளிர்ந்த தண்ணியில இன்னும் அதிகமா. அதை நம்பித்தான் இதோட பொழைப்பு. மாசக்கணக்குல இப்படி வேரைப் பிடிச்சுக்கிட்டு வாழ்ந்து, ஒரு நாள் மேலே ஏறி, தோலைக் கிழிச்சுக்கிட்டு இறக்கையோட வெளியே வரும். அந்த இறக்கையோட இருக்கிறது சில வாரம்தான். நாம பார்த்து 'வாவ்' சொல்றது கடைசி சீனை மட்டும்!

கப்பு கொடுத்த பாடமே கைகொடுத்துச்சு

இப்போதான் மேட்டருக்கு வர்றேன். அந்தப் பச்சை, சாயம் கிடையாது. அந்த இறக்கையை அரைச்சுப் பிழிஞ்சாலும் பச்சை மை வராது. இங்கிலாந்துல எக்ஸிட்டர் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதே பூச்சியோட இறக்கையை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்த்து 2004-ல எழுதியிருக்காங்க. இறக்கையில மெல்லிசு மெல்லிசா அடுக்குகள். ஒவ்வொரு அடுக்குல பட்டும் கொஞ்சம் வெளிச்சம் திரும்பி வருது. திரும்பி வர்ற அலைகள்ல பச்சைக்குண்டான அலைகள் மட்டும் ஒண்ணோட ஒண்ணு சரியா கைகோத்துப் பெருசாகுது. மத்த நிறமெல்லாம் அப்படி சேர முடியாமப் போயிடுது. மேல்பக்கம் ஜொலிக்கிற பச்சை. கீழ்ப்பக்கம் பழுப்பு. மூடி இருந்தப்போ ஏன் மங்கலா இருந்ததுன்னு இப்போ புரியுதா?

எனக்குப் புரிஞ்சது. படிச்சப்போ தலை சுத்திச்சு. ஏன்னா, இது யூனிட் டூ! 'மெல்லிய ஏட்டில் குறுக்கீட்டு விளைவு'. மூணு தடவை எழுதி, மூணு தடவையும் நான் சாய்ஸ்ல விட்ட கேள்வி. பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். பச்சை வெளிச்சத்தோட அலைநீளம் தோராயமா 530 நானோமீட்டர். ஒளிவிலகல் எண் 1.5-ன்னு வெச்சுக்கிட்டா, கால் அலை கணக்குல ஒரு அடுக்கு சுமார் 88 நானோமீட்டர் வருது. ஒரு மில்லிமீட்டர்ல பதினோராயிரம் அடுக்கு அடுக்கலாம். மூக்குக் கண்ணாடிக்கும் கேமரா லென்ஸுக்கும் ஃபேக்டரியில மெஷின் வெச்சுப் பூசற சமாச்சாரத்தை, ஓடையில ஒரு பூச்சி சும்மா முதுகுல தூக்கிக்கிட்டுத் திரியுது. வாழ்க்கையில முதல் தடவையா ஒரு டெரிவேஷனை யாரும் மிரட்டாம நானே எழுதினேன்.

புத்தகத்துல இந்தத் தலைப்புக்கு ஒரு உதாரணம் கொடுத்திருந்தாங்க. அதுதான் என்னைக் கொஞ்சம் குத்துச்சு. சோப்பு நுரை! நுரைக்குமிழி மேல ஓடுற வானவில்லும், தட்டான் இறக்கையில இருக்கிற பச்சையும் ஒரே தத்துவம்தான்.

நுரை. எனக்குப் போன பிப்ரவரி ஞாபகத்துக்கு வந்துச்சு.

அன்னிக்கு சாயந்திரம் குட்டிகிட்ட, "கீழே ரோட்டோரம் ஒரு ஓடை இருக்குல்ல, அங்கயும் இது இருக்குமா?"ன்னு சும்மா கேக்கிற மாதிரி கேட்டேன். "அதே ஓடைதான் அத்தான். இங்கேர்ந்துதான் கீழே போகுது. முன்னெல்லாம் பாலத்துக்கிட்டயும் நிறைய இருக்கும். இப்போ அங்க கூட்டமா வந்து சோப்பு போட்டுக் குளிக்கிறாங்க. கொஞ்ச நாளா அங்க நான் பாக்கலை. மேலே வந்துடுச்சு போல." சொல்லிட்டு, வீட்டுக்குப் பின்னாடி இருந்து ஒரு உரச் சாக்கை இழுத்துட்டு வந்தான். வேர்ல, பாறை இடுக்குல மாட்டினதையெல்லாம் பொறுக்கி வெச்சிருக்கான். முக்கால்வாசி ஷாம்பு பாக்கெட்.

"பெருசுங்களுக்கு இறக்கை இருக்கு அத்தான், பறந்துடும். தண்ணிக்குள்ள இருக்கிற குட்டிங்க எங்க போகும்?"

அவன் என்னைக் கேக்கலை. பொதுவாத்தான் கேட்டான். ஏழாங்கிளாஸ் பையன். எனக்குத்தான் உள்ளே எங்கேயோ இழுத்துச்சு.

மாமா அப்போதான் வேலை முடிஞ்சு வந்து, டாங்க்கைக் கொட்டகையில வெச்சிட்டு, திண்ணையில உக்காந்திருந்தார். "மருந்தடிச்ச டாங்க்கை ஓடையில அலசக் கூடாது மாப்ள. வேலைக்குச் சேந்த புதுசுல, பெரியவங்க எனக்குச் சொன்ன முதல் பாடம் அது. நமக்குக் கீழேயும் ஒரு லைன் இருக்கு, அவங்களும் இதைத்தானே குடிக்கணும்"னார். ரொம்ப சாதாரணமா, டீயை ஆத்திக்கிட்டே சொன்னார்.

பத்தாவது வரைக்கும் படிச்ச மாமாவுக்கு, 'கீழே ஒருத்தர் இருக்கார்'னு தெரியுது. மூணாவது வருஷம் இன்ஜினீயரிங் படிக்கிற எனக்கு அது தோணலை. தண்ணி இழுத்துக்கிட்டுப் போனா, பொருள் உலகத்தை விட்டே போயிடுச்சுன்னு நினைச்சிருக்கேன். ஆற்றல் அழிவின்மை விதின்னு பத்து மார்க்குக்கு எழுதத் தெரியும். ஷாம்பு பாக்கெட் அழிவின்மை விதி தெரியலை!

சொல்லிடலாமா, வேண்டாமா? சொன்னா ஓடை மட்டும் இல்லை, 'இண்டஸ்ட்ரியல் விசிட்' பொய்யும் சேர்ந்து வெளியே வரும். அம்மா வரைக்கும் போகும். ஏற்கெனவே கப்பு கேஸ்ல கோர்ட்டு நடந்துக்கிட்டு இருக்கு. பேசாம இருந்துடலாம்னுதான் நினைச்சேன். உண்மையைச் சொல்றேன், ரெண்டு நாள் பேசாமத்தான் இருந்தேன்.

மூணாம் நாள் ராத்திரி குட்டி என் செல்லை வாங்கி, நான் எடுத்த தட்டான் போட்டோவைத் தேடிக்கிட்டு இருந்தான். விரலால தள்ளித் தள்ளி ரொம்பப் பின்னாடி போயிட்டான். திடீர்னு நிறுத்தினான். ஏழு பேர், நுரைத் தாடி, பல்லு தெரிய சிரிப்பு. அவன் எங்க மூஞ்சியைப் பார்க்கலை. மூலையைப் பெருசு பண்ணினான். "அத்தான்... இது கண்ணடிக்குது!"

ஆமா. நான் இருபத்திரண்டு தடவை முயற்சி பண்ணியும் கிடைக்காத போட்டோ. இறக்கையை அகல விரிச்சு, பச்சையா, தெளிவா. அது உக்காந்திருந்த பாறையைச் சுத்தி வெள்ளையா நுரை.

குட்டி கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். "நீங்களா?"

அந்த ஒரு வார்த்தைக்கு என்கிட்ட பதில் இல்லை பாஸ். எந்த வைவாவிலும் நான் அப்படித் திணறினதில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவன் திட்டலை, சண்டை போடலை. செல்லை என் கையில கொடுத்துட்டு, போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான். திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

காலையில மாமாகிட்ட நானே சொன்னேன். முழுக்கக் கேட்டார். "ஊருக்கு வந்தும் வீட்டுக்கு வராமப் போயிருக்க"ன்னுதான் முதல்ல வருத்தப்பட்டார். அப்புறம், "அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிடு"ன்னுட்டு டாங்க்கை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். டவர் பாறையில ஏறி அம்மாவுக்கு போன் பண்ணினேன். அந்த உரையாடலை இங்கே பிரசுரிக்க முடியாது! மூணு அரியருக்குக் கூட அம்மா அப்படி அமைதியானதில்லைன்னு மட்டும் சொல்லிக்கிறேன்.

எங்க வாட்ஸ்அப் குரூப்ல அந்த போட்டோவைப் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "மச்சி, ஒரு பூச்சிக்கா இவ்வளவு ஃபீலிங்?"னு ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். இந்தத் தட்டான் அழிஞ்சுபோற பட்டியல்ல எல்லாம் இல்லை. பரவலா இருக்கிற இனம். தேயிலைக்கு நடுவுல வெயில் விழற ஓடையிலும் எப்படியோ சமாளிச்சு வாழும். அடர்ந்த காட்டு நிழலை நம்பி வாழற தட்டான் வகைகள்தான் அதுக்கும் முன்னாடியே காணாமப் போகும். வால்பாறையில நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் மாதிரி ஆட்கள், எஸ்டேட்டுக்கு நடுவுல மிச்சம் இருக்கிற மழைக்காட்டுத் துண்டுகள்ல இருபது வருஷத்துக்கும் மேலா மரம் நட்டுக்கிட்டு இருக்காங்க. ஓடைத் தண்ணி எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க விஞ்ஞானிகள் அங்கே பறக்கிற தட்டான்களையும் கணக்கெடுக்கிறாங்க. அப்படி சமாளிக்கத் தெரிஞ்ச ஆளையே ஒரு பாலத்தடியில இருந்து கிளப்பிவிட நாலு பைக்கும், பதினாலு ஷாம்பு பாக்கெட்டும், அதே மாதிரி வாராவாரம் வர்ற இன்னும் நாலு கூட்டமும் போதும்னா... கேள்வி ஒரு பூச்சியைப் பத்தினது மட்டும்தானா?

ஏழு பேர்ல மூணு பேர் கிளம்பி வந்தாங்க. இந்தத் தடவை வீட்டுல உண்மையைச் சொல்லிட்டு! குட்டிதான் கேப்டன். பாலத்தடியில ஒரு நாள் முழுக்கக் குனிஞ்சு பொறுக்கினதுல ரெண்டு சாக்கு நிறைஞ்சது. ஏதோ சாதிச்ச மாதிரி நிமிர்ந்தப்போ, ஒரு கார் வந்து நின்னுச்சு. நாலு பேர் இறங்கினாங்க. தோள்ல துண்டு, கையில சோப்பு டப்பா. எங்களுக்குக் கோபம் வரலை. கண்ணாடியைப் பார்த்த மாதிரிதான் இருந்துச்சு. குட்டி நேராப் போய், "அண்ணா, கீழே நாங்க இதைத்தான் குடிக்கிறோம். சோப்பு மட்டும் வேண்டாம்ணா"ன்னான். ரெண்டு பேர் டப்பாவைக் காருக்குள்ள வெச்சாங்க. ரெண்டு பேர் வைக்கலை. அவ்வளவுதான். இது சினிமா இல்லையே!

அன்னிக்குப் பாலத்தடியில பச்சை தெரியலை. மேலே, குட்டியோட பாறையில மட்டும் ஒண்ணு இருந்தது. குட்டி என்கிட்ட முழுசாப் பேச ஆரம்பிச்சது பஸ் ஏறும்போதுதான். "அடுத்த தடவை வாங்க அத்தான், பாலத்துக்கிட்டயும் வந்திருக்கும்"னான். வந்திருக்கணும்னு இருக்கு.

பரீட்சை எழுதியாச்சு. சாய்ஸ்ல விடாம யூனிட் டூவையும் எழுதியிருக்கேன். இதை எழுதற வரைக்கும் ரிசல்ட் வரலை. வந்தா என்ன ஆகும்னு நீங்களும் வேண்டிக்கோங்க.

அதுக்குக் கைமாறா நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அடுத்த லீவுக்கு நீங்களும் ஏதோ ஒரு மலைக்கு, ஏதோ ஒரு ஓடைக்குப் போகத்தான் போறீங்க. தண்ணியில குதிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் கரையில சும்மா உக்காருங்க. வெயில் விழற பாறையா ஒண்ணைப் பார்த்துக்கிட்டே இருங்க. யாராவது உங்களைப் பார்த்துக் கண்ணடிச்சா, சோப்பு டப்பாவைப் பைக்குள்ளேயே வெச்சிடுங்க. யாரும் கண்ணடிக்கலையா? அப்பவும் வெச்சிடுங்க. தண்ணிக்குள்ள, ஏதோ ஒரு வேரைப் பிடிச்சுக்கிட்டு, இறக்கை முளைக்கக் காத்திருக்கிற ஒருத்தன் இருக்கலாம்.